டேங்கில் கூலன்ட் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை: பழைய வேனில் ஹெட் கேஸ்கட்டா, வேறு கசிவா?

நெடுவழி

வணக்கம் நண்பர்களே. என்னுடையது பழைய டீசல் வேன். நாலு சிலிண்டர், இரும்பு பிளாக், அதை மூடும் அலுமினிய ஹெட் (இரண்டுக்கும் நடுவே அடைப்பாக இருப்பதுதான் ஹெட் கேஸ்கட்), எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். பின்னால் உட்காருகிறவர்களுக்குத் தனி ஹீட்டர் உண்டு. கொஞ்ச காலமாக ரிசர்வ் டேங்கில் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. வண்டி நிற்கும் இடத்தில் ஈரம் எதுவும் இல்லை. சமதளத்தில் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. நீண்ட ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் மேலே போய், இறக்கத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

ஆயில் மூடியின் அடியில் வெள்ளையாகப் பசை மாதிரி ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்ததும் பட்டறையில் "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, கழற்றியே ஆக வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். இந்த வண்டியில் ஹெட்டைக் கழற்றுவது சின்ன வேலை இல்லை. அதில் கை வைப்பதற்கு முன் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பழைய டீசல்

கழற்ற அவசரப்படாதீர்கள். மூடியில் ஒட்டிய வெள்ளைப் பசையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. குறைந்த தூரமே ஓடி, முழுச்சூடு ஏறாமல் நிற்கிற எஞ்சினில் காற்றின் ஈரம் அந்த மூடியில் படிந்து, எண்ணெயோடு கலந்து இப்படித்தான் ஆகும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதில் எண்ணெய் சுத்தமாக இருந்து, அளவும் ஏறாமல் இருந்தால் கூலன்ட் சம்ப்புக்குள் (எஞ்சின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) பெரிதாக இறங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். டிப்ஸ்டிக்கிலேயே வெளுப்பு தெரிந்தால் எஞ்சினை ஓட்டவே வேண்டாம். கூலன்ட் கலந்த எண்ணெயில் பேரிங் வெகு சீக்கிரம் போய்விடும்.

காரில் இல்லாத ஒரு சிக்கல் வேனில் உண்டு. கூலன்ட் ஓடும் பாதை நீளம். பின் ஹீட்டருக்குப் போய் வரும் இரும்புக் குழாய்கள் தரைக்கு அடியில், சக்கரம் வாரி அடிக்கும் சேற்றிலும் உப்பிலும் கிடக்கின்றன. ஓடும்போது அழுத்தத்தில் கசியும், காற்றில் உலர்ந்துவிடும், நிறுத்தினால் அழுத்தம் இறங்கி நின்றுவிடும். தரையில் சொட்டு விழவே விழாது. முதலில் அந்தக் குழாய்களைப் பாருங்கள். அப்புறம் வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்ன வடிதுளையில் காய்ந்த கறை இருக்கிறதா, முன் ஹீட்டருக்குக் கீழே கார்ப்பெட் ஈரமாக இருக்கிறதா, ஹீட்டர் போட்டால் கண்ணாடியில் எண்ணெய்ப்பசை போல ஒரு படலம் படிந்து இனிப்பான வாடை வருகிறதா என்று பாருங்கள். பிளாக்கில் இருக்கும் துளைகளை மூட அடித்திருக்கும் கோர் பிளக்குகளும் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டை விழும். ஃப்ளைவீல் பக்கம் இருப்பது கண்ணுக்கே படாது.

ஒரு கேள்வி. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மேல் ரேடியேட்டர் ஹோஸை அழுத்திப் பார்த்தீர்களா? மெத்தென்று இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா?

கருவிப்பெட்டி

பிரஷர் டெஸ்ட் செய்யாமல் இந்தப் பேச்சு நகராது. ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாகப் பொருத்தும் கைப்பம்ப் கிடைக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மாட்டி, உங்கள் மூடியில் குறித்திருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றுங்கள். பெரும்பாலும் 0.9 முதல் 1.1 பார் வரை இருக்கும். அதற்கு மேல் போகக் கூடாது, பழைய ஹீட்டர் கோர் தாங்காது. ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். இறங்கினால் டார்ச்சோடு அடியில் போய்ப் பாருங்கள்.

அதே பம்ப்பில் மூடியையும் சோதிக்கலாம். பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். பாதி தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 106 டிகிரியில் கொதிக்கும். 1 பார் அழுத்தத்தில் அது 125க்கு மேல் போகும். மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. ஏற்றத்தில் ஹெட்டுக்குள் வால்வுப் பக்கம் ஆவி பிடிக்கும், கூலன்ட் வழிந்து வெளியே போகும். பார்ப்பதற்கு அப்படியே கேஸ்கட் போன வண்டி மாதிரி இருக்கும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். தெரிந்தவர்களுக்கும் இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

சாலையோரம்

எதற்கு இவ்வளவு? கசிவடைக்கும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றினால் அடங்கிவிடும். பழைய வண்டிக்கு அது போதும்.

பழைய டீசல்

நண்பரே, இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நடுவழியில் ரேடியேட்டர் பொத்துக்கொண்டு, வீடு சேர வேறு வழியில்லை என்றால் ஊற்றலாம். கசிவு எங்கே என்றே தெரியாத வண்டியில் ஊற்றினால் சோதனை செய்யும் வாய்ப்பும் போய்விடும். அந்தப் பாட்டில்களில் பல சோடியம் சிலிகேட் கரைசல். சூடும் காற்றும் பட்ட இடத்தில் இறுகுவதுதான் அதன் வேலை. ஓட்டையில் மட்டும் இறுகும் என்று யாரும் உறுதி தர முடியாது. மெல்லிய குழல்கள் உள்ள ஹீட்டர் கோரிலும், ரேடியேட்டரின் அடியிலும் படிந்தால் எஞ்சின் குளிர்வது இன்னும் குறையும். வெப்பத்தால் தேயும் கேஸ்கட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

நெடுவழி

காலையில் ஹோஸ் மெத்தென்றுதான் இருந்தது. டிப்ஸ்டிக் சுத்தம்.

கைப்பம்ப்பை இரவல் வாங்கி ஏற்றினேன். முள் மெதுவாக இறங்கியது. அடியில் படுத்துப் பார்த்தால், பின் ஹீட்டர் குழாயைத் தரையோடு பிடித்திருக்கும் பட்டைக்கு உள்ளே இருந்து ஈரம். வெளியே குழாய் பார்க்க நன்றாகவே இருந்தது. பட்டையின் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தியதும், அதற்கும் குழாய்க்கும் இடையே இறுகிக் கிடந்த மண் பாளமாக விழுந்தது. அடியில் இரும்பு செதில் செதிலாகப் பெயர்ந்து, நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. பம்ப்பை அழுத்தும்போது அதில் முத்து முத்தாகக் கூலன்ட் வந்தது. சுற்றிலும் வெளிர்பச்சைப் பொருக்கு காய்ந்து போயிருந்தது, அப்படியானால் நெடுநாளாகக் கசிந்திருக்க வேண்டும்.

சாலையோரம்

அப்போ விஷயம் முடிந்தது. குழாயை மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

கருவிப்பெட்டி

குழாயை மாற்றும்போது துரு பிடித்த துண்டை மட்டும் வெட்டி ரப்பரைச் செருகாதீர்கள். அந்தப் பட்டைகள் எல்லாவற்றின் அடியிலும் இதே நிலைதான் இருக்கும். முழு நீளத்துக்கும் புதிய குழாய் போடுங்கள். தற்காலிகமாகப் பின் ஹீட்டரை விலக்க வேண்டும் என்றால் எஞ்சின் பக்கத்தில் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து வளையமாக்கலாம். சும்மா அடைத்து வைத்தால் சில எஞ்சின்களில் ஓட்டம் கெடும், மேனுவலைப் பாருங்கள்.

மாற்றிய பிறகு மறுபடி பம்ப் மாட்டுங்கள். முள் நிற்கிறதா என்று பார்க்காமல் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். நெடுநாள் கசிந்த வண்டி என்றால் நெடுநாள் குறைந்த கூலன்ட்டோடு ஓடியிருக்கிறது. ஏற்றத்தில் முள் மேலே போனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரங்களில் ஹெட் என்ன சூடு கண்டது என்று முள் சொல்லாது. பல வண்டிகளில் நடுப்பகுதியில் முள் அசையாதபடியே மீட்டரை அமைத்திருப்பார்கள். கூலன்ட் மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது ஆவியைத்தான் அளக்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்குவதும் நடக்கும்.

நெடுவழி

சொன்னபடி முழுக் குழாயும் மாற்றினேன், மூடியும் புதிது. குளிர்ந்த எஞ்சினில் அழுத்தம் அப்படியே நிற்கிறது. ஆனால் ஏற்றம் ஏறி வந்தால் டேங்கில் மட்டம் வழக்கத்தைவிட மேலே நிற்கிறது, ஆறினதும் முன்பைவிடக் கீழே போகிறது. முன்னளவு குறையவில்லை, ஆனாலும் குறைகிறது. இப்போது காலையிலும் மேல் ஹோஸில் கொஞ்சம் இறுக்கம் தெரிகிறது.

பழைய டீசல்

இது வேறு கதை. முன்பு துளை வழியே அழுத்தம் போய்விட்டதால் ஹோஸ் மெத்தென்று இருந்தது. இப்போது பாதை மூடியாயிற்று, உள்ளே சேர்கிற வாயு உள்ளேயே நிற்கிறது. எரிவாயுச் சோதனை, அதாவது சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருகிறதா என்று பார்க்கும் சோதனை, செய்துவிடுங்கள். நீலத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழலை ரேடியேட்டர் வாயில் வைத்து, மேலே நிற்கும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். எரிவாயுவில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு பட்டால் நிறம் மாறும். பொதுவாகக் கிடைக்கும் திரவத்தில் பெட்ரோல் எஞ்சினுக்கு மஞ்சள், டீசலுக்குப் பச்சை. கூலன்ட்டை அதற்குள் இழுத்துவிடாமல் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

டீசலில் ஒன்று கவனிக்க வேண்டும். ஐடிலில் டீசல் எஞ்சின் ஏராளமான காற்றோடு எரிக்கிறது, புகையில் கார்பன் டை ஆக்ஸைடு குறைவு. சும்மா ஐடிலில் வைத்துச் சோதித்துவிட்டு "நிறம் மாறவில்லை, கேஸ்கட் நல்லது" என்று சொல்லக் கூடாது. நன்றாகச் சூடேற்றி, வேகத்தை ஏற்றி வைத்துச் செய்யுங்கள்.

இன்னொன்று. உங்கள் வண்டியில் இ.ஜி.ஆர். கூலர் (இன்டேக்குக்குத் திரும்பும் புகையைக் கூலன்ட்டால் ஆற்றும் பாகம்) உண்டா? அது உள்ளுக்குள் பொத்துக்கொண்டால் கூலன்ட் இன்டேக் வழியாக எஞ்சினுக்குள் போய் வெள்ளைப்புகையாக வெளியே வரும். வெளியே கசிவு தெரியாது, கேஸ்கட்மேல் பழி விழும். அதை விலக்கிவிட்டுப் பார்க்காமல் ஹெட்டைத் தொடாதீர்கள்.

நெடுவழி

என் எஞ்சினில் அந்தக் கூலர் இல்லை. சோதனையில் ஐடிலில் நீலமாகவே இருந்தது. வேகம் ஏற்றி வைத்ததும் மெல்ல மெல்லப் பச்சையாக மாறியது. சரி, ஹெட் இறங்கத்தான் வேண்டும்.

பட்டறையில் ஒருவர், "கேஸ்கட் மாற்றும்போது தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிடலாம், வண்டி எப்போதும் கூலாக ஓடும்" என்கிறார். செய்யலாமா?

பழைய டீசல்

வேண்டாம். இந்தப் பழக்கம் எத்தனை எஞ்சின்களைக் கெடுத்திருக்கிறது! தெர்மோஸ்டாட் என்பது சூடு ஏறினால் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு. பல எஞ்சின்களில் அது திறக்கும்போது அதன் அடித்தட்டு இறங்கி, ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழியை மூடும். அப்போதுதான் கூலன்ட் முழுவதும் ரேடியேட்டருக்குப் போகும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே எஞ்சினுக்குள் திரும்பும். சமதளத்தில் குளிர்ச்சியாகத் தெரிகிற அதே வண்டி ஏற்றத்தில் கொதிக்கும். புதிய தெர்மோஸ்டாட் போடுங்கள், மேனுவலில் சொன்ன டிகிரியில்.

கேஸ்கட் ஏன் தேய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையது. அலுமினியம் சூட்டில் விரிவது வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 400 மில்லிமீட்டர் நீளமுள்ள ஹெட் 80 டிகிரி சூடேறினால், தடையில்லாமல் விரியவிட்டால், முக்கால் மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்பு பிளாக் அதில் பாதிதான் நீளும். இரண்டையும் போல்ட் பிடித்திருப்பதால் அந்த இழுபறி முழுவதும் நடுவில் இருக்கும் கேஸ்கட்மேல். ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் அது கொஞ்சம் உரசப்படுகிறது. சாதாரண வெப்பத்தில் பல ஆண்டு தாங்கும். ஓவர்ஹீட் ஆனால் அலுமினியம் விரிய இடமில்லாமல் போல்ட்டுகளுக்கு இடையே நசுங்கி, ஆறும்போது வளைந்து நிற்கிறது. பிடிப்பு குறைந்த இடத்தில் எரிவாயு வழி தேடிக்கொள்கிறது.

அதனால்தான் கேட்கிறேன். கேஸ்கட்டை மாற்றுவது ஒரு வேலை, அதை வேகவைத்தது எது என்று கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. உங்கள் வண்டியில் அந்த ஊசித்துளைதான் தொடக்கம் என்று நினைக்கிறேன். ஆனால் ரேடியேட்டர் அடைப்பு, விசிறியின் விஸ்கஸ் கிளட்ச் (சூட்டைப் பொறுத்து விசிறியைப் பிடித்துச் சுழற்றுவது), வாட்டர் பம்ப்பின் இறக்கை எல்லாம் இப்போதே பார்த்துவிடுங்கள்.

பின்எஞ்சின்

குறுக்கே வருகிறேன். எரிவாயு கசியாமலேயே கேஸ்கட் பக்கம் கூலன்ட் ஒழுகும் வேன்களும் உண்டு. வோக்ஸ்வேகன் டி3யில் வந்த வாட்டர்பாக்ஸர் எஞ்சின் அப்படி. 1980களில் காற்றில் குளிரும் எஞ்சினுக்குப் பதிலாக வந்தது. அதில் எரியறைக்குத் தனி சீல், கூலன்ட் அறையைச் சுற்றி ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அகலமான ரப்பர் கேஸ்கட். பழைய கூலன்ட்டும் தவறான கூலன்ட்டும் கிடந்தால் அந்த ரப்பர் உட்காரும் அலுமினிய விளிம்பு அரித்துக் குழிவிழும். புதிய ரப்பர் போட்டாலும் குழிக்குள் பிடிக்காது. ஹெட்டையே மாற்றியவர்கள் நிறைய. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவில் வண்டி நீளத்துக்குக் குழாய். கூலன்ட்டை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று அந்த ஹெட்டுகளைப் பார்த்தாலே தெரியும்.

லேத்மேடை

ஹெட் என்னைப் போன்றவர்களிடம்தான் வரும், அதனால் சொல்கிறேன். கழற்றும்போது எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரே மூச்சில் ஒரு பக்கத்தைக் கழற்றினால் நேராக இருந்த ஹெட்டும் வளையும்.

ஹெட்டைக் கொண்டுவந்ததும் "ஒரு ஃபேஸ் போட்டுக் கொடுங்கள்" என்று, அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். முதலில் நேர்விளிம்புச் சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்து நீளவாக்கு, குறுக்குவாக்கு, இரண்டு மூலைவாக்கு எல்லாம் பாருங்கள். எவ்வளவு வளைவு வரை பரவாயில்லை என்று மேனுவல் சொல்லும். அப்புறம் பிரஷர் டெஸ்ட்: கூலன்ட் வழிகளை அடைத்து, வெந்நீரில் முக்கிக் காற்று ஏற்ற வேண்டும். சூட்டில்தான் சில விரிசல்கள் வாய் திறக்கும். அது தேறிய பிறகு ஃபேஸ் போடலாமா என்று பேசலாம். முதலிலேயே ஃபேஸ் போட்டுவிட்டு அப்புறம் விரிசல் என்று தெரிந்தால் இரண்டு செலவு.

டீசல் ஹெட்டுகளில் பலவற்றை ஃபேஸ் போடவே கூடாது என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பார். ப்ரீசேம்பர் (டீசல் முதலில் எரியத் தொடங்கும் சிற்றறை) உள்ளவற்றில் அந்த உட்செருகு எவ்வளவு துருத்த வேண்டும் என்று கணக்கு உண்டு. அது கெட்டால் புதிய கேஸ்கட்டும் நிற்காது. வால்வு உள்ளே இறங்கியிருக்கும் ஆழமும் மாறும், டீசலில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

புதிய கேஸ்கட் வாங்குமுன் பழையதன் ஓரத்தில் துளையோ வெட்டோ எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். அது தடிமனின் குறி. பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு துருத்துகிறது என்று டயல் கேஜில் அளந்து அதற்கேற்ற தடிமன் போட வேண்டும்.

நெடுவழி

ஹெட் இறங்கிவிட்டது. மூன்று பிஸ்டன்களின் தலையில் வழக்கமான கரி. வாட்டர் பம்ப்புக்குத் தொலைவில் இருக்கும் நாலாவதில் மட்டும் ஒரு பக்கம் கரியே இல்லை, பிறைவடிவில் உலோகம் பளிச்சென்று தெரிகிறது. அதற்கு நேரே கேஸ்கட்டில் இருக்கும் உலோக வளையம் கறுத்து, பக்கத்துக் கூலன்ட் துளை வரைக்கும் மெல்லிய பழுப்புக் கோடு. விரல் வைத்தால் அந்த இடம் மட்டும் தட்டையாக, உயிரில்லாமல் இருக்கிறது. மற்ற வளையங்களில் மேடு இன்னும் கைக்குப் படுகிறது.

இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவே முடிபோல ஒரு கோடும் தெரிகிறது. ஹெட் குப்பைக்குத்தானா?

லேத்மேடை

அந்தப் பளிச்சென்ற பிஸ்டன் கூலன்ட் ஆவியில் கழுவப்பட்டது. சோதனைகள் சொன்னது சரிதான்.

வால்வுகளுக்கு நடுவே முடிக்கோடு இருந்தால் உடனே ஹெட் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சில தயாரிப்பாளர்கள் குறிப்பிட்ட அகலம் வரை அதை அனுமதிக்கிறார்கள். கோடு கூலன்ட் அறை வரை போகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு வெந்நீர்ச் சோதனை, சாயச் சோதனை இரண்டும் செய்யச் சொல்லுங்கள். காந்தத்தூள் முறை இரும்புக்குத்தான், அலுமினியத்துக்கு உதவாது.

கருவிப்பெட்டி

ஹெட் தேறட்டும் என்று நினைத்துக்கொண்டு பிளாக் பக்கம் சொல்கிறேன். சுழலும் உரசல் தட்டு போட்டுப் பழைய கேஸ்கட்டைச் சுரண்டாதீர்கள். வேகமாகப் போகும், ஆனால் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும், அதிலிருந்து உதிரும் தூள் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்னும். பிளாஸ்டிக் சுரண்டியும் கரைப்பானும் பொறுமையும் போதும். பல அடுக்கு எஃகு கேஸ்கட் போடுவதாக இருந்தால் மேற்பரப்பு இன்னும் மழமழப்பாக இருக்க வேண்டும், அது பழைய கலவைக் கேஸ்கட் மாதிரி சொரசொரப்பை உள்வாங்கிக்கொள்ளாது.

போல்ட் துளைகளுக்குள் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் முழுக்க எடுத்துவிடுங்கள். அடி மூடிய துளையில் திரவம் இருந்தால் போல்ட் இறங்கும்போது அது நசுங்க முடியாமல் பிளாக்கையே பிளக்கும். அதோடு டார்க் ரெஞ்ச் காட்டுவதும் பொய்யாகிவிடும்.

சாலையோரம்

போல்ட் பார்க்க நன்றாக இருந்தால் அதையே போடலாமா?

கருவிப்பெட்டி

எந்த வகை என்பதைப் பொறுத்தது. குறித்த டார்க் வரை இறுக்கி, அப்புறம் 90 டிகிரி என்று கோணக் கணக்கில் திருப்பச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் அது இழுபடும் போல்ட். ஒரு முறை இழுபட்டால் அதன் வேலை முடிந்தது, புதியதுதான். டார்க் அளவு மட்டும் சொல்லும் பழைய எஞ்சின்களில் நீளத்தையும் மரையையும் பார்த்துப் போடலாம். இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மேனுவலில் போட்ட வரிசையில்.

நெடுவழி

ஹெட் தேறியது. விரிசல் மேலோட்டம்தான், வெந்நீரில் குமிழி இல்லை. வளைவும் அனுமதித்த அளவுக்குள். ஃபேஸ் போடவில்லை. புதிய போல்ட், பழைய குறிக்கேற்ற தடிமனில் கேஸ்கட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள் எல்லாம் புதிது. இனி கூலன்ட் ஊற்ற வேண்டும்.

பழைய டீசல்

மகிழ்ச்சி. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பச்சை, சிவப்பு என்பதற்குப் பொதுவான தரம் கிடையாது. மேனுவல் சொல்லும் வகையைப் பார்த்து வாங்கி, காய்ச்சி வடித்த நீரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரின் உப்பு ஹெட்டுக்குள் படியும்.

வேனில் காற்றெடுப்பதுதான் பெரிய வேலை. முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்துங்கள், ஹீட்டர்கள் இரண்டையும் முழுச்சூட்டில் திறந்துவையுங்கள், காற்றுத் திருகு இருந்தால் குமிழி இல்லாமல் வரும் வரை மூடாதீர்கள். பின் ஹீட்டரில் சூடான காற்று வந்தால்தான் அந்தப் பக்கம் காற்று போயிற்று. ஊற்ற வேண்டிய அளவும் ஊற்றிய அளவும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். குறைந்தால் காற்று இன்னும் உள்ளே நிற்கிறது.

கூலன்ட் மட்டம் குறைந்தால் கத்தும் அலாரம் ஒன்றும், ஹெட் உலோகத்தின் மேலேயே பதியும் வெப்பமானி ஒன்றும் போடுங்கள். வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சமே உயிரை வாங்கும். குழந்தைகளுக்கும் அப்படித்தான்.

நெடுவழி

அலாரம் வாங்கியாயிற்று. கடைசியாக ஒன்று. கொஞ்சம் ஓடிய பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டுமா?

லேத்மேடை

கோணக் கணக்கில் இறுக்கிய போல்ட்டுகளை மேனுவல் கேட்காமல் தொடாதீர்கள். டார்க் மட்டும் சொல்லும் பழைய முறை, கலவைக் கேஸ்கட் என்றால் பல மேனுவல்கள் ஒரு முறை இறுக்கச் சொல்லும். சூடாகவா ஆறிய பிறகா என்பதும் அதிலேயே இருக்கும். உங்கள் கேஸ்கட் பாக்கெட்டில் ஒரு தாள் வந்திருக்கும், அதையும் படித்துவிடுங்கள், அதில் சொன்னது மேனுவலோடு மாறினால் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.